மஸ்கட்டில் இருக்கும் தம்பி

சிங்கவரம்
8-6-2025

அன்புத் தம்பி பிரவினுக்கு,

அக்கா வெரோனிகா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்குது? போன தடவை மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இருமிக்கொண்டே இருந்தாய். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வாரத்துக்கு உனக்குக் கிடைக்கும் ஃபோன் நேரத்தை அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. அதனால்தான் கடிதம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது ஒரு வலைப்பூ. பெயர் 'கூட்டுரோடு'. என் பெயரை 'வெரோ' என்று மட்டும் போட்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள், அவர்கள் கொண்டுவரும் காகிதங்கள், எதிரில் ஓடும் கரும்பு ஜூஸ் மிஷின், இவற்றைப் பற்றித்தான் எழுதுவேன். எட்டு மாதத்தில் பதினோரு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் நானே. ஒன்று கடைக் கம்ப்யூட்டரில், இன்னொன்று என் ஃபோனில்.

போன மாதம் அம்மாவைப் பற்றி எழுதினேன். நீ போட்டுக்கொள்ளாமல் பெட்டியில் கிடக்கும் சட்டைகளை அவள் சனிக்கிழமைதோறும் துவைத்து, காயவைத்து, மடித்து மறுபடியும் பெட்டியில் வைக்கிறாள். அதை அப்படியே எழுதினேன். 'தம்பி எங்கே?' என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. குட்டியானை வண்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போனாய், வல்லம் ரோட்டில் சைக்கிளில் வந்த ஒருவர் செத்துப்போனார், இந்தப் பிப்ரவரியில் இரண்டு வருஷம் என்று தீர்ப்பானது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு 'மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறான்' என்று அடித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் தொள்ளாயிரம் பேர் படித்திருந்தார்கள். கனடாவில் இருந்து ஒருவர் அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். அவர் சட்டைக்காக அழுதாரா, மஸ்கட்டுக்காக அழுதாரா? சட்டை நிஜம், மஸ்கட் பொய். ஜெயில் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பாரா? கடையில் மனு அடிக்க வருகிறவர்கள் 'கொஞ்சம் பாவமா எழும்மா' என்பார்கள். நானும் அதைத்தான் செய்தேனோ? பன்னிரண்டாவது வரை படித்தவள் எழுத வந்தால் இப்படித்தான் ஆகுமோ என்று தோன்றுகிறது.

உனக்குக் கோபம் என்றால் அழித்துவிடுகிறேன். இருமலுக்கு அங்கே மருந்து கேட்டு வாங்கு.

உன் அக்கா
வெரோனிகா


இரண்டாம் பிளாக்
21-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். இருமல் நின்றுவிட்டது, அம்மாவிடம் சொல்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். என்ன என்று பக்கத்தில் இருந்த ஆதிமூலம் அண்ணன் கேட்டார். சொன்னேன். அவர் நிஜமாகவே ஆறு வருஷம் மஸ்கட்டில் மீன் ஏற்றும் லாரி ஓட்டியவராம். 'தம்பி நீ வேலைக்குப் போயிட்ட, நான்தான் உனக்கு விசா' என்கிறார். இங்கே சிரிப்பதற்கு ஒரு விஷயம் கிடைப்பது பெரிய காரியம்.

அவர் சொன்னதை எழுதுகிறேன். ஜூன் மாதம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஈரத்துண்டைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு எல்லாரும் துணி துவைத்து மாடிக் கம்பியில் போடுவார்கள், பத்து நிமிஷத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மழை என்றாவது ஒரு நாள் வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நிற்பார்கள். யாரும் பேச மாட்டார்களாம்.

எழுது அக்கா. நான் கோபித்துக்கொள்ளவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லையே. கடிதங்களை இங்கே ஆபீஸில் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதனால் கேஸ் சங்கதி அதிகம் வேண்டாம்.

சட்டையைத் துவைக்க வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லாதே.

தம்பி
பிரவின்


சிங்கவரம்
13-7-2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஈரத்துண்டு, மாடிக்கம்பி, மழை மூன்றையும் எழுதிவிட்டேன். மூன்றாவதை நாலாயிரம் பேர் படித்துவிட்டார்கள். நடுவில் நம் கடை ஜெராக்ஸ் மிஷினைப் பற்றி, அதுதான் நான் லட்சுமி என்று பெயர் வைத்தேனே, அதைப் பற்றி ஒன்று எழுதினேன். முப்பது பேர். அது எனக்கு நன்றாக வந்திருப்பதாகத்தான் தோன்றியது. இப்போது அதுவும் சந்தேகமாக இருக்குது. எதை எழுதினால் எழுத்து, எது வெறும் அளப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

தமிழினி என்று ஒரு பெண் எல்லாப் பதிவுக்கும் பின்னூட்டம் போடுகிறாள். மிஷினைப் பற்றி எழுதியதற்கும் போட்டாள். 'நானும் செஞ்சிப் பக்கம்தான். எங்கள் அப்பாவும் தூரத்தில்தான் இருக்கிறார். நீங்கள் எழுதுவதைப் படித்தால் அவரும் அந்த மழையில் இறங்கி நிற்பதுபோல் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆயிரம் பேர் பாராட்டினால் வராத தெம்பு அந்த ஒரு வரியில் வந்தது. அடுத்த நிமிஷமே, இந்தப் பெண்ணை ஏமாற்றுகிறோமே என்றும் இருந்தது.

இன்னொன்று. சென்னையில் சிவசங்கர் என்பவர் சின்னப் பதிப்பகம் வைத்திருக்கிறார். மஸ்கட் பதிவுகள் பன்னிரண்டு சேர்ந்தால் புத்தகம் போடுகிறாராம். நீ அங்கே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஃபோட்டோ ஒன்று வேண்டுமாம். என்ன பதில் சொல்வது? புத்தகம் என்று கேட்டதும் சந்தோஷம் வந்தது நிஜம். ஃபோட்டோ என்றதும் மெயிலை மூடிவிட்டு எழுந்துபோனதும் நிஜம்.

ஜாமீன் மனு மறுபடியும் தள்ளிப்போய்விட்டது என்று வக்கீல் சொன்னார். அப்பீல் டிசம்பரில் வருமாம்.

அக்கா
வெரோனிகா


இரண்டாம் பிளாக்
30-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. அம்மா முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

ஃபோட்டோவுக்கு என்ன செய்வது என்று ஆதிமூலம் அண்ணனைக் கேட்டேன். கம்பெனியில் ஃபோட்டோ எடுக்க விட மாட்டார்கள் என்று எழுதச் சொன்னார். அங்கே அப்படி ஒரு சட்டமே இருக்குதாம்.

இரவில் பேசிப் பேசி இப்போது எனக்கே அந்த ஊர் பழகிவிட்டது. எந்தத் திருப்பத்தில் கடல் தெரியும் என்று கேட்டால் சொல்வேன். இங்கே கண்ணை மூடினால் வேறு ரோடு ஒன்று வரும். இப்போது இந்த ரோடு வருகிறது. அதனால் நிறுத்தாதே, அக்கா.

அந்தத் தமிழினிக்கு நல்லபடியாகப் பதில் போடு. அவங்க அப்பாவும் சீக்கிரம் வந்துவிடுவார் என்று எழுது.

தம்பி
பிரவின்


சிங்கவரம்
17-8-2025

அன்புத் தம்பிக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாதா திருநாளுக்கு அம்மா உன் பெயரில் பூசை வைத்தாள்.

முந்தாநேற்று திருநாள் லீவு. நேற்று கடையில் கூட்டம். பதினொரு மணி இருக்கும். சுடிதாரில் ஒரு பெண், பதினெட்டு வயசு இருக்கலாம், மேஜைக்கு எதிரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேணும் என்றேன்.

"அக்கா, நீங்கதானே கூட்டுரோடு எழுதுற வெரோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"எதிர்ல கரும்பு ஜூஸ் மிஷின்னு எழுதியிருந்தீங்க. ஃபேன் சத்தம் டக்டக்னு வரும்னு எழுதியிருந்தீங்க. பஸ் ஸ்டாண்டு சுத்தி இருக்கிற ஜெராக்ஸ் கடையெல்லாம் பாத்துட்டு வரேன். இது நாலாவது. நான்தான் தமிழினி."

பிரவின், இத்தனை நாளில் என் எழுத்தைப் படித்த ஒருத்தரை நான் நேரில் பார்த்தது இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்று ஒரு கவரைக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக வைத்து மூன்று மூன்று காப்பி எடுத்தேன். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். கடைசியில் மடித்து வைத்திருந்தது இறப்புச் சான்றிதழ். கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது நான் பார்க்கவில்லை. காப்பி சூடாக வெளியே வந்தபோது பார்த்தேன்.

பெயர் காமராஜ். ஊர் வல்லம். தேதி 11-1-2024.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "கமென்ட்ல அப்பா தூரத்துல இருக்காருன்னு போட்டேன்ல. பொய்க்கா. ஆக்சிடென்ட்ல செத்துட்டாரு. யாரோ இடிச்சிட்டு நிக்காம போயிட்டான். உங்க தம்பிய பத்திப் படிக்கிறப்ப எனக்கும் அப்படிச் சொல்லிக்கணும்னு தோணுச்சு. கோச்சுக்காதீங்க."

பொய் சொன்னதற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் காப்பிகளை அடுக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

அவளை நான் கோர்ட்டில் பார்த்ததில்லை. வாய்தாவுக்கெல்லாம் அவங்க அம்மா மஞ்சு மட்டும்தான் வருவாள், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். இந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கும். அதனால் அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

போகும்போது கேட்டாள். "உங்க தம்பி எப்பக்கா ஊருக்கு வருவாரு?"

"தெரியலம்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

நான் என்ன செய்ய வேண்டும், பிரவின்? அடுத்த பதிவு எப்போது என்று இன்றும் கேட்டிருக்கிறாள். உடனே எழுது.

அக்கா


சிங்கவரம்
14-9-2025

அன்புத் தம்பிக்கு,

நலமா? நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன ஞாயிறு அம்மா உன்னைப் பார்க்க வந்தபோது, தலைவலி என்று மூன்று நிமிஷத்தில் உள்ளே போய்விட்டாயாம். அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

வலைப்பூவை யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்துவிட்டேன். சிவசங்கர் மூன்று தடவை மெயில் அனுப்பினார். தமிழினி கடைக்கே வந்துவிட்டாள். "இன்னாக்கா ஆச்சு, பக்கமே காணோம்" என்றாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். அந்தக் கம்ப்யூட்டரில்தான் அப்போது ஒருவருக்கு வில்லங்கச் சான்று மனு அடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். போய்விட்டாள்.

இனிமேல் எழுதுவதில்லை என்று ஒரு நாள் முடிவு பண்ணுகிறேன். மறுநாள், இதையாவது ஒழுங்காக எழுதாவிட்டால் நான் எதற்கு எழுத வந்தேன் என்று இருக்குது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. நீ திட்டியாவது எழுது.

அக்கா


இரண்டாம் பிளாக்
3-10-2025

அக்காவுக்கு,

நலம்.

இந்த விஷயத்தை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. டிசம்பரில் அப்பீல். வக்கீல் கோர்ட்டில் சொன்னதுதான் நான் சொல்வதும். பனியில் ஏதோ தட்டியது, நாய் என்று நினைத்துப் போய்விட்டேன். ஆள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் எதையும் சொல்லாதே. மஸ்கட்டையும் நிறுத்திவிடு. ஆதிமூலம் அண்ணன் விடுதலையாகிப் போய்விட்டார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

பிரவின்

அந்தப் பொண்ணு என்ன படிக்குது?


சிங்கவரம்
26-10-2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படி இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டுவிட்டது.

பி.ஏ. தமிழ் படிக்கிறாள். முதல் வருஷம்.

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன். அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தபோது உள்ளே உட்கார்ந்து உண்மையை எழுதினேன். முதலில் வந்தது எல்லாம் நம்மைப் பார்த்து யாராவது பரிதாபப்பட வேண்டும் என்கிற மாதிரியே வந்தது. நம்மைப் பெற்ற நைனா செத்தது, நீ பத்தாவதோடு நின்றது, அம்மா முட்டிவலி. அடித்தேன், அழித்தேன், அடித்தேன். இதெல்லாம் காமராஜ் வீட்டில் யாருக்கு வேண்டும்? எல்லாவற்றையும் எடுத்த பிறகு நாலு பக்கம் மிஞ்சியது. அதில் சோடனை இல்லை. நன்றாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வல்லம் பஸ் ஏறினேன். அவர்கள் படிக்காமல் ஊருக்குப் படிக்கக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தது மஞ்சு. பார்த்த உடனே அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீ இங்க இன்னாத்துக்கு வந்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தமிழினி, "வெரோ அக்கா!" என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இவங்கள உனக்கெப்படித் தெரியும்?" என்று மஞ்சு கேட்டாள்.

"எழுதுறவங்கம்மா. சொன்னேன்ல."

"எழுதுறவளா? உங்கப்பன இடிச்சவனோட அக்காடி இவ."

நான் காகிதத்தை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மஞ்சு என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

படித்து முடித்துவிட்டு அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டிய நிறுத்துனாரா, இல்லியா?"

"இடிச்சது ஆளுன்னே தெரியாதுன்னுதான் கோர்ட்ல சொன்னான்."

"பால் வண்டிக்காரர் பாத்தப்ப எங்கப்பா புளியமரத்துல சாஞ்சி உக்காந்தபடியே உயிர் இல்லாம இருந்தாரு. சைக்கிள் நடு ரோட்ல கெடந்துச்சு. கால் ரெண்டும் ஒடஞ்சவரு எப்படி மரத்துகிட்ட போனாரு? போலீஸ்கிட்ட கேட்டோம், தவழ்ந்து போயிருப்பாருன்னாங்க. இதுல நீங்க எல்லாம் எழுதியிருக்கீங்க. இது இல்ல."

நாலு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிரவின், அவள் சொன்னது சரி. அது இல்லாமல் இது முழுசு இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் நானும் உன்னைக் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நினைத்தோம் என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவரை மரத்தடியில் உட்காரவைத்தது யார்?

நீ சொல்ல மாட்டேன் என்றாலும் உன்னை வந்து பார்ப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
வெரோனிகா


இரண்டாம் பிளாக்
12-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. இதை ஆபீஸில் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

நான் நிறுத்தினேன்.

விடிகாலை ஐந்தரை இருக்கும். பனி. எனக்கு அந்த வண்டி ஓட்ட லைசென்ஸ் இல்லை, முதலாளிக்கே தெரியாது. திண்டிவனத்தில் ஏழு மணிக்கு மூட்டை இறக்க வேண்டும் என்று வேகமாகப் போனேன். சைக்கிளைப் பார்த்தபோது பிரேக் பிடிக்க நேரம் இல்லை. இறங்கி ஓடினேன். அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். இன்னொரு வண்டி ஏறிவிடும் என்று அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் சாய்த்து வைத்தேன். ரத்தம் அதிகம் தெரியவில்லை. கால் மட்டும்தான் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்தார்.

வீட்டுக்கு ஃபோன் பண்ணட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம்பா. பாப்பாவுக்கு இன்னிக்கு பரீட்ச. சாயந்தரமா சொல்லிக்கலாம்" என்றார்.

"ஆள் கூட்டியாரேண்ணே" என்றேன்.

"சரிப்பா" என்றார்.

வண்டியை எடுத்தேன். ஆள் கூட்டிவரத்தான் எடுத்தேன், அக்கா. முதல் வளைவு தாண்டும்போது லைசென்ஸ் ஞாபகம் வந்தது. போலீஸ் ஞாபகம் வந்தது. விடியப்போகிறது, யாராவது வந்து அவரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். டீக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சட்டைப் பையில் ஃபோன் இருந்தது, ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் திண்டிவனத்துக்குப் போய் மூட்டை இறக்கினேன். அவர் செத்துப்போனார் என்று சாயந்தரம் கேள்விப்பட்டு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். நாய் என்று நினைத்தேன் எனச் சொல்லச் சொன்னது வக்கீல். ஆனால் சொன்னது நான்.

அவர் நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருந்திருப்பார். சரிப்பா என்று சொன்னவர் அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்?

அப்பீல் வேண்டாம் என்று வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். புதுசாகக் கேஸ் வந்தாலும் வரட்டும். இந்தக் கடிதத்தை முதலில் அந்தப் பெண்ணிடம் கொடு. அவள் சரி என்றால் உன் வலைப்பூவில் போடு. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். என் பெயரைப் போட்டே எழுது.

அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

தம்பி
பிரவின்


சிங்கவரம்
7-12-2025

அன்புத் தம்பி பிரவினுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகிறாள். அப்பீல் கைவிட்டுப் போனது என்னால்தான் என்று நினைக்கிறாள். ஒருநாள் மட்டும், "அந்த ஆளு தண்ணி குடிச்சாரா?" என்று கேட்டாள். குடிச்சார் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த மனுவுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு வருவேன். வருவாள்.

உன் கடிதத்தைத் தமிழினியிடம் கொடுத்தேன். வல்லம் பஸ் நிறுத்தத்திலேயே நின்று படித்தாள். மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். "இத நான் வெச்சிக்கலாமா?" என்று கேட்டாள். அது கோர்ட்டுக்குப் போகுமோ, எங்கே போகுமோ எனக்குத் தெரியாது. வெச்சிக்கோ என்றேன். நாலு நாள் கழித்து ஃபோனில் ஒரே வரி வந்தது: 'போடுங்க. அப்பா பேசுனது எதையும் மாத்தாதீங்க.'

அன்றைக்கே போட்டேன். மூடிவைத்திருந்த பக்கத்தைத் திறந்து, மஸ்கட் பதிவுகள் ஒவ்வொன்றின் மேலேயும் 'இது பொய்' என்று எழுதினேன். அழிக்கவில்லை. புதுப் பதிவின் கீழே 'வெரோனிகா, சிங்கவரம்' என்று முழுப் பெயரையும் ஊரையும் போட்டேன். பொத்தானை அழுத்திவிட்டேன்.

சிவசங்கர் புத்தகம் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அவர் மேல் வருத்தம் இல்லை. கனடாக்காரர், என் கண்ணீரைத் திருப்பிக் கொடு என்று எழுதியிருந்தார். ஏமாற்றுக்காரி என்று நிறையப் பேர். எல்லாவற்றையும் படித்தேன், எதையும் நீக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பு யாராவது பாராட்டினால் கூட உள்ளுக்குள் உதறும், கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. இப்போது திட்டுகிறார்கள், உதறவில்லை. நான் எழுதத் தகுந்தவளா என்றால் இப்போதும் தெரியவில்லை. ஆனால் அது தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருக்கப்போவதில்லை. நேற்று கடை மூடும் முன் இன்னொன்று ஆரம்பித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மஞ்சு கடைக்கு வந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றாள். உட்காருங்க என்றேன், உட்காரவில்லை.

"பொண்ணு நாலு நாளா சரியா சாப்பிடல. அந்தக் கடுதாசிய வெச்சிக்கினு உக்காந்திருந்துச்சு. நேத்துதான் சாப்ட்டுச்சு. அவங்கப்பா கடசியா அவ பரீட்சய பத்திப் பேசுனாருன்னு என்கிட்ட பத்து வாட்டி சொல்லிடுச்சு." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வருசமா அவரு இன்னா நெனச்சிக்கினு கெடந்தாரோ, யாரக் கூப்ட்டாரோன்னு இருந்துச்சு. இப்ப தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல."

நான் மிஷினை அணைத்தேன்.

"நீ எழுதறவ. நான் வந்ததயும் எழுதுவ. எழுதிக்கோ. ஆனா மன்னிச்சிட்டேன்னு எழுதிடாத. மன்னிக்கல."

"எழுத மாட்டேங்க."

"உன் தம்பிகிட்டயும் அப்படியே சொல்லிடு."

சொல்லிவிட்டேன், பிரவின். அவள் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

குளிர் ஆரம்பித்துவிட்டது, போர்வை அனுப்புகிறேன். பதில் போடு.

உன் அக்கா
வெரோனிகா